பச்சைத் தண்ணீர்

ரூஜ்
12.8.1994

அன்புள்ள தம்பி இரத்தினவேல்,

ரெலிபோன் எடுத்தால் "முதலாளி பிஸி" என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஐயாவுக்கு ஆடி அமாவாசைக் கடமையை இந்த நாட்டிலும் ஓர் ஆற்றில் இறங்கிச் செய்தது மனதுக்கு நிறைவு. உன் பட்டறைக்குப் பின்னால் இப்படியொரு பச்சைத் தண்ணீர் ஓடுமென்று நினைக்கவில்லை. "எங்கடை ஊர்க் கீரிமலைக் கேணி மாதிரி இருக்கு, இறங்குங்கோ" என்று பேரப்பிள்ளைகளை இறக்கினதே நான்தான்.

பேத்தி நிலக்சிக்கு முழங்காலுக்குக் கீழே கொப்புளம். உன் மச்சாள் தேங்காயெண்ணெய் பூசினாள், கேட்கவில்லை. எந்தத் தண்ணீர் என்று டொக்டர் கேட்கிறார். உனக்குப் பழகின இடம். ஏதும் தெரிந்தால் எழுது.

அன்புடன்,
அண்ணன் சண்முகலிங்கம்

அஜின்கோர்ட்
20.8.1994

அன்புள்ள அண்ணை,

கரையிலை நஞ்சுச் செடி நிக்குது. பிள்ளையின்ரை கால் அதிலை பட்டிருக்கும். டொக்டரிட்டை ஆத்துக் கதை எடுக்காதேங்கோ. சிற்றிக்காரர் தண்ணி எடுத்துச் சோதிக்கப் போத்தலோடை கரையிலை திரியினம். ஆரும் வந்து கேட்டால் பிள்ளையின்ரை காலைக் காட்டவேண்டாம்.

மச்சாளையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.

தம்பி இரத்தினவேல்

ரூஜ்
4.9.1994

அன்புள்ள தம்பி,

டொக்டரைப் பற்றித்தான் எழுதினேன். சிற்றிக்காரரின் பேச்சைக் கொண்டுவந்தது நீ. அதனால் பஸ் எடுத்துப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டு. தண்ணீர் கண்ணாடி மாதிரி. திங்கட்கிழமை உன் சுவருக்குக் கீழேயுள்ள குழாயிலிருந்து பச்சை இறங்குகிறது. கார் பம்பருக்கு நிக்கல் பூசிக் கழுவிய தண்ணீர்.

ஊரில் படிப்பித்த காலத்தில் வகுப்பில் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு துளி மை விட்டு, "இதைத் திருப்பி எடுங்கோ பாப்பம்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். இன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். நீ மட்டும் சப்பாத்தோடு கரையில் நின்று, "கால் சுளுக்கு, அண்ணை" என்றாய். தெரிந்துதானா நின்றாய்?

நீயே சிற்றிக்காரரிடம் போய்ச் சொல்லு. நானும் கூட வருகிறேன்.

அண்ணன்

அஜின்கோர்ட்
11.9.1994

அண்ணை,

ஓம், தெரியும். போதுமே?

இந்த றோட்டிலை எல்லாரும் ஆத்துக்குள்ளைதான் விடுறாங்கள். நான் மட்டும் அரிச்சந்திரனாய் நிண்டால் பட்டறை மூண்டு மாசம் நிக்காது. பார்க்டேலிலை வந்து இறங்கின எங்கடை பெடியளுக்கு வேலை குடுத்தது ஆர்? உங்களை ஸ்பொன்சர் பண்ணினது உந்தப் பட்டறைதான். அதிலை வந்து இறங்கிப்போட்டு, இப்ப மீனுக்குப் பாவம் பாக்கிறியள்.

அண்டைக்குச் சொல்லத்தான் வாயெடுத்தனான். வேலையாக்களும் பெண்சாதி பிள்ளையளோடை தண்ணிக்குள்ளை நிண்டவங்கள். எப்பிடிச் சொல்லுறது? ஒருக்கால் முழுகினால் என்ன வரப்போகுது எண்டு விட்டிட்டன்.

காட்டிக் குடுக்கிறதெண்டால் குடுங்கோ. பிறகு தம்பி எண்டு எழுதவேண்டாம்.

இரத்தினவேல்

ரூஜ்
2.10.1994

இரத்தினவேலுக்கு,

மாநகரசபையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான்தான் கூப்பிட்டேன். நிலக்சி காலை நீட்டிக் காட்டினாள். இடத்தையும் குழாயையும் நான் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன்.

அவள் போனபிறகு பிள்ளை கேட்டாள்: "சின்னத் தாத்தாவுக்கு அந்தத் தண்ணி கூடாதெண்டு தெரியுமோ?"

நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன், அவளுடைய முகத்தைப் பார்த்து, "அவருக்குத் தெரியாது" என்று சொன்னேன்.

இனி உனக்காகச் செய்ய என்னிடம் ஒன்றுமில்லை.

சண்முகலிங்கம்