பதினொரு கிலோமீட்டர் முன்னால் நின்ற கார்

ஜனவரி 9

என் வயதைக் குற்றமாக எழுதிவிட்டார்கள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, டிப்போவுக்குப் பதினொரு கிலோமீட்டர் இருக்கையில், நான் ஓட்டிய மின்சாரக் கார் சார்ஜ் தீர்ந்து நின்றது. கூட வாத்தியார் இருந்தார். ஓய்வுபெற்றவர், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலை. இழுவை வண்டி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஊரே விறைக்கும் ஜனவரிக் குளிரில், ரத்தம் சுத்தம் செய்த களைப்போடு, என் கோட்டையும் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இன்று அறிக்கை வந்தது. "காரணம்: வயது மூப்பால் ஓட்டுநரின் கவனக்குறைவு." புறப்படும்போது நூறு சதவீதம் சார்ஜ். போகவர நூற்று அறுபது கிலோமீட்டர். திரையில் இருநூற்று இருபத்தெட்டு ஓடும் என்று காட்டியது. என் கண்ணால் பார்த்தேன். இதில் என் வயது எங்கே வந்தது?

ஜனவரி 11

மேலாளரிடம் போனேன். மின்சாரக் கார் அந்தத் தூரத்துக்கு ஆகாது என்று தடத்தையே நிறுத்திவிட்டாராம். வாத்தியார் இனி இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். எனக்கு ஊருக்குள் மருந்துப் பெட்டி கொடுக்கும் வேலை.

"ஓய்வெடுக்க வேண்டிய வயசும்மா" என்றார்.

"எப்ப எடுக்கணும்னு நான் சொல்றேன் தம்பி. வண்டி ஏன் நின்னுச்சுன்னு நீங்க சொல்லுங்க."

கோபத்தில் சார் தம்பியாகிவிட்டார். எல்லாம் அறிக்கையில் இருக்கிறதென்று கோப்பை மூடினார். அப்படியானால் நானே கண்டுபிடிக்கிறேன். வண்டி ஓட்டவும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஜனவரி 14

காரோடு வந்த கையேடு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முழுதும் படித்தேன். குளிரில் பேட்டரி சோம்பிப்போகும் என்று நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது. இதை யார் படித்தார்கள்?

ஜனவரி 20

சர்வீஸ் முடிந்த வண்டியை ஓட்டிப்பார்க்க ஆள் வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார், பிடித்துக்கொண்டேன். சுற்றுச்சாலையில் நாற்பது கிலோமீட்டர். தொண்ணூறு வேகத்தில் இருபத்தேழு சதவீதம் தின்றது. எழுபதில் இருபத்து மூன்று. காற்றைத் தள்ளிக்கொண்டு போவதற்கே அவ்வளவு செலவு. அதோடு கூரை மேல் ஆளுயரத்துக்குக் கம்பெனிப் பெயர்ப்பலகை வேறு. கப்பலுக்குப் பாய் கட்டியது போல.

டயரில் காற்றும் குறைவு. பழைய டீசல் வண்டிகளுக்கான அட்டையைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அட்டைய யாரும் மாத்தலக்கா."

வேகம், பலகை, டயர். என் வயதைக் காணோம். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 27

சாப்பிடும்போது மகளிடம் கணக்கைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்: "ஹீட்டர் போட்டிருந்தியா?"

போட்டிருந்தேன். எப்போதும் போடுவேன். முழுசாக.

"அதுக்குக் கரண்டு எங்கேர்ந்தும்மா வருது?"

எழுந்து டிப்போவுக்குப் போய், மெக்கானிக்கிடம் கேட்டு அதே வண்டியை எடுத்து, அதே சாலையில், அதே எழுபதில், ஹீட்டர் இல்லாமல் ஓட்டினேன். பதினேழு சதவீதம். இருபத்து மூன்று பதினேழாகிவிட்டது.

முப்பத்தோரு வருஷம் டீசல் வேன். அதில் இன்ஜின் சூடு எப்படியும் வீணாகப் போவது. அதைத்தான் உள்ளே திருப்பிவிடுவோம். ஓசிச் சூடு. இதில் இன்ஜினே கிடையாது. ஒவ்வொரு துளிச் சூடும் பேட்டரியிலிருந்து. கையேட்டில் ஹீட்டர் பக்கத்தையும்தானே படிச்சேன்? ஏன் உறைக்கல? — அந்த ஆள குளிருல உட்கார வச்சது நான்தானா? அவருக்குக் குளிருமேன்னுதானே முழுசா திருப்பி வச்சேன். அதுவே —

ஜனவரி 28

எழுத மனமில்லை.

பிப்ரவரி 1

ஹீட்டர் என் தவறு. சரி. ஆனால் அந்த இருநூற்று இருபத்தெட்டு?

நேற்று ஒரு காரை எடுத்தேன். நூறு சதவீதம், திரையில் நூற்று ஐம்பத்தாறு. இன்று அதே கார், அதே நூறு; இருநூற்று முப்பத்தொன்று. முந்தாநாள் அதை ஓட்டியது நெடுஞ்சாலையில் பறக்கிற ஒருவர். நேற்று எனக்குப் பிறகு ஊருக்குள் ஓட்டியது நாங்கள் ஆமை என்று கூப்பிடும் ஆள். அந்த எண், வண்டி இதுவரை எப்படி ஓடியதோ அதை வைத்துப் போடும் ஊகம்! எங்கள் டிப்போவில் யாருக்கும் சொந்தமாக வண்டி கிடையாது. காலையில் எது கைக்குக் கிடைக்கிறதோ அது. ஆக, தினமும் நாங்கள் நம்பிக் கிளம்புவது முன்னால் ஓட்டியவரின் எண்ணை.

பதிவேட்டைப் பார்த்தேன். ஜனவரி ஐந்து, நான் நடுவழியில் நின்றதற்கு முந்தின நாள், அந்த வண்டியில்: ஆமை.

பிப்ரவரி 5

மேலாளர் அறை. உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்தேன்.

"முதல்ல என் தப்ப எழுதிக்குங்க. ஹீட்டர். மறைக்க மாட்டேன். அப்புறம் மத்தது."

மற்றதெல்லாம் சொன்னேன். பலகை என்றதும் முகம் மாறியது. வைக்கச் சொன்னது அவர்தானாம். நான் கணக்கெழுதிய தாளை வாங்கி, வரி வரியாகப் படித்தார்.

"நீங்க விடமாட்டீங்க. சனிக்கிழமை ஓட்டிக் காட்டுங்க. நானும் வர்றேன்."

பிப்ரவரி 10

அதே தடம். அன்றைவிட ஒரு டிகிரி அதிகக் குளிர். பலகையைக் கழற்றியாயிற்று. டயரில் சரியான காற்று. சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிட்டேன். அந்தச் சூடு சுவர்க் கரண்டில், பேட்டரியில் கை வைக்காமல். வாத்தியார் முன்னிருக்கையில். அந்த இருக்கையை மட்டும் சூடேற்றும் பொத்தான் ஒன்று இருக்கிறது; மிகச் சிக்கனமானது; இத்தனை நாள் ஒருவரும் தொட்டதில்லை. போதாததற்கு இரண்டு போர்வை. மேலாளருக்குப் பின்னிருக்கை.

மேட்டில் அறுபது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் வண்டியே கொஞ்சம் சார்ஜைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறது.

பாதி வழியில் மேலாளர் பின்னாலிருந்து, கொஞ்சம் ஹீட்டர் போடலாமா என்று இழுத்தார். வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவருக்குச் சொன்னார்:

"அறிக்கை எழுதுறவரு கொஞ்சம் நடுங்கட்டும் சார். எழுத்து நல்லா வரும்."

மேலாளரே சிரித்துவிட்டார்.

டிப்போவுக்குள் நுழையும்போது முப்பத்தைந்து சதவீதம் மிச்சம். மேலாளர் திரையை இரண்டு தடவை பார்த்தார். நான் இறங்கிப் போய்ச் சார்ஜரை மாட்டினேன்.

பிப்ரவரி 12

அறிவிப்புப் பலகைக்கு எழுதிக் கொடுத்தது. கையெழுத்து மேலாளருடையது, வாசகம் என்னுடையது.

அறிக்கையில் "வயது" என்ற சொல்லை அடித்துவிட்டு, எல்லாக் காரணங்களையும் எழுதுவது — மேலாளர். ஹீட்டரை முதலில் எழுத வேண்டும்.

எல்லாக் கார்களிலிருந்தும் கூரைப் பலகையைக் கழற்றுவது — மெக்கானிக். டயர் அட்டையைப் புதிதாக எழுதி ஒட்டுவதும் அவரே.

கிலோமீட்டரைப் பார்க்காமல் சதவீதத்தைப் பார்த்துக் கிளம்புவது — எல்லா ஓட்டுநர்களும். ஆமையும்.

காலை ஐந்து மணிக்கு, சார்ஜரைப் பிடுங்குமுன், வண்டியைச் சூடாக்குவது — காவலாளி. மறந்தால் போன் வரும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சார்ஜருக்கு இடம் கேட்டுக் கடிதம் — மேலாளர், இந்த வாரமே. பதில் வரும்வரை வாரம் ஒருமுறை நினைவூட்டுவது — நான்.

நாளை ஐந்தேமுக்காலுக்கு வாத்தியார் வீட்டு வாசலில் — நான்.