எதிர்த்துப் பேசினாய், ஆதரித்து வாக்களித்தாய்

இன்று காலை என் ஆபீஸுக்குள் அந்த வாசனை வந்தது. இரும்பை அறுக்கும்போது கருகுமே, அந்த வாசனை. கூடவே மெஷின் எண்ணெய். துவாக்குடியில் ஒரு பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர், ஷிப்ட் முடிந்து வேலைச் சட்டையோடே பஸ் ஏறி வந்திருந்தார். நாற்காலியைப் பார்த்துத் தயங்கினார். "சட்டை அழுக்கா இருக்குங்க மேடம்" என்றார். உட்காரச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். அவர் போன பிறகுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் கறுப்பு கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செல்வி உன்னைத் தேடி வந்த அன்றும் இதே வாசனைதான். அவள் மடியில் இருந்த கணவனின் சட்டையிலிருந்து வந்தது.

நீ கண்ணை மூடிய பிறகு உன்னிடம் இப்படி உட்கார்ந்து பேசியதே இல்லை. மனசுக்குள் சண்டை போட்டதோடு சரி.

திருச்சியில் ஒரே வகுப்பில் சட்டம் படித்தோம். நீ வையம்பட்டிப் பக்கம் கடலை போடும் குடும்பம், நான் ஸ்ரீரங்கத்துப் பாத்திரக் கடைக்காரர் மகள். நீ கட்சிக்குப் போனாய், நான் கோர்ட்டோடு நின்றேன். எம்.பி. ஆன பிறகும் பேச்சைத் தயார் பண்ண என் வீட்டுச் சமையலறைக்குத்தான் வருவாய். உன் கட்சி உனக்கு ஒதுக்கும் நேரம் எப்போதும் கொஞ்சம். "குக்கர் விசில் அடிக்கிறதுக்குள்ள முடிச்சுடறேன் பாரு" என்று அடுப்படியில் நின்றபடியே ஆரம்பிப்பாய். பட்ஜெட், ரயில் பாதை, எல்லைப் பிரச்சினை எதுவானாலும் முதலில் ஒரு மனுஷன் வருவான், அப்புறம்தான் விஷயம். புள்ளிவிவரத்தை முன்னால் வைக்கச் சொல்லி நான் மல்லுக்கட்டுவேன். "எண்ணிக்கைய எல்லாரும் சொல்லிடுவாங்கடி. நான் ஆளச் சொல்றேன்" என்பாய்.

மண்ணச்சநல்லூரில் மழையில் நனைந்த நெல்லைக் கொள்முதலில் வாங்காமல் தள்ளிவிட்ட வருஷம், முளைவிட்ட நெல்லை ஒரு பிடி அள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டு டெல்லிக்குப் போனாய். அவையில் எடுத்துக் காட்டப் போனதும், பொருளைக் காட்டக் கூடாது, உள்ளே வையுங்கள் என்றார் சபாநாயகர். "காட்டலைங்க ஐயா, கேட்டா போதும்" என்று பையை மூடிவிட்டு, அந்த நெல் எந்த வயலில் விளைந்தது, எத்தனை நாள் சாலையோரம் கிடந்தது, அதன் சொந்தக்காரர் தார்ப்பாய்க்கு எங்கே அலைந்தார் என்று தமிழிலேயே சொல்லி முடித்தாய். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

செல்வி வந்தது அதற்கு அடுத்த வருஷம். அன்று நானும் உன் ஆபீஸில் இருந்தேன். அவள் கணவன் வேலை பார்த்த பட்டறையில், இரும்புத் தகட்டைத் தூக்கிய சங்கிலி அறுந்து, தகடு மேலே விழுந்து அவன் செத்துப்போயிருந்தான். அவள் அழவில்லை. "இன்ஸ்பெக்டர் வர்றார்னு முன்னாடியே தெரியுங்க. அன்னைக்குப் புதுச் சங்கிலி மாட்டினாங்க. அவர் போனதும் கழட்டிட்டுப் பழசையே போட்டுட்டாங்கன்னு இவரே வந்து சொன்னாருங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாருங்க." நீ எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றாய். 

அப்போதுதான் அந்த மசோதா வந்தது. தொழிற்கூடங்களில் இனி முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஆய்வுக்குப் போக வேண்டும் என்றது அது. உன் கட்சி அதை ஆதரித்தது. ஆதரித்துப் பேச உன்னைத்தான் போட்டிருந்தார்கள். கொறடா உத்தரவும் வந்துவிட்டது.

நீ எழுந்து செல்வியின் பெயரைச் சொன்னாய். புதுச் சங்கிலியையும் பழைய சங்கிலியையும் சொன்னாய். உன் கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேரம் முடிந்தது என்று மணி அடித்தது. "சொல்லிட்டு வர்ற இன்ஸ்பெக்டருக்கு எங்க ஊர்ல எந்தச் சங்கிலியும் அறுந்ததாத் தெரியாது. சொல்லாம வாங்க, அப்பத் தெரியும்" என்றாய். மறுபடி மணி அடித்தது. மந்திரி பதில் சொல்லும்போது, விதிகளை எழுதுகையில் உறுப்பினரின் கவலை கவனிக்கப்படும் என்று உறுதி கொடுத்தார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. வாக்கெடுப்பில் நீ ஆதரித்துப் பொத்தானை அழுத்தினாய்.

நீ ஊருக்கு வந்த அன்று நான் உனக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

"செல்வி கிட்ட என்ன சொல்வ?"

"நெஜத்தச் சொல்வேன். எதிர்த்துப் பேசினேன், ஓட்ட மாத்திப் போட்டா பதவி போயிடும், அதனால போட்டுட்டேன்னு."

"உன் பதவிக்காகத்தானே?"

"ஆமா. பதவி போயிட்டா அடுத்த கூட்டத்தொடர்ல அந்த மந்திரிய யார்டி கேக்கறது? நீ கேப்பியா?"

"இதத்தான் எல்லாரும் சொல்றாங்க. நீயும் சொல்ற."

நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, திரும்பாமல், "கேப்பேன், பாரு" என்றாய்.

செல்வியிடம் நேரில் போய்ச் சொன்னாய். அவள், "பேர் சொன்னீங்களே, அது போதுங்க" என்றாளாம். எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

ஆனால் நீ கேட்டாய். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அதே கேள்வி: மந்திரி அவையில் கொடுத்த உறுதி என்ன ஆயிற்று? பரிசீலனையில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அதே பதில். உறுதிமொழிகளைக் கவனிக்கும் குழுவுக்கு எழுதினாய். உன் கட்சித் தலைமைக்கு எரிச்சல் வந்தது. அடுத்த தேர்தலில் உனக்கு சீட் இல்லை. கறுப்பு கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திருச்சி கோர்ட்டுக்கு வந்தாய். ஒரே காரில்தான் போய் வந்தோம். காவிரிப் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் ஊர்க்கதை எல்லாம் பேசினோம். அந்த ஓட்டைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

விதிகள் அரசிதழில் வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். மூச்சு வாங்கியது. நான் உன் கட்டிலோரம் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தேன்: தொழிலாளி உயிரிழந்த இடங்களில் முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வு செய்யலாம். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

"உயிரிழந்த இடத்துலன்னா?"

"ஆமா."

"அப்ப ஒருத்தன் சாகிற வரைக்கும் சொல்லிட்டுத்தான் போவாங்களா?"

 நீ எழுந்து உட்காரப் பார்த்தாய். நர்ஸ் வந்து படுக்க வைத்தார். "பாதிதான்டி வந்திருக்கு" என்றாய். அதற்குப் பிறகு நாம் பேசியது மருந்து, கஞ்சி, வெளியூரிலிருந்து வர வேண்டிய உன் மகளின் டிக்கெட் பற்றித்தான்.

அந்தப் பாதி இன்று காலை என் எதிரே வந்து உட்கார்ந்தது. பிரஸ் ஓட்டுகிறவரின் பட்டறையில் கையைக் காக்கும் தடுப்பை வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றி வைத்திருக்கிறார்கள். ஆய்வு நாளில் மட்டும் மாட்டுகிறார்களாம். அங்கே இதுவரை யாரும் சாகவில்லை. அதனால் உன் விதி அவருக்கு உதவாது. "யாருக்காவது ஏதாவது ஆனாத்தான் வருவாங்களாங்க?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

மத்தியானம் கோர்ட்டிலிருந்து நேரே பக்கத்துத் தொகுதியின் புது எம்.பி.யைப் பார்க்கப் போனேன். அவர் இன்று ஊரில் இருப்பதாகச் சொன்னார்கள். முன்னாலேயே சொல்லிவிட்டு வர வேண்டும் என்றார் அவருடைய உதவியாளர். சொல்லாமல்தான் வந்திருக்கிறேன், காத்திருக்கிறேன் என்றேன். உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்தேன். கூப்பிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது.

எம்.பி. சின்ன வயசுக்காரர். பொறுமையாகக் கேட்டார். உன் பெயரைச் சொன்னதும் லேசாகச் சிரித்தார். "அந்தம்மா எதிர்த்துப் பேசிட்டு ஆதரிச்சுத்தானேங்க ஓட்டுப் போட்டாங்க?"

உன் முகத்துக்கு நேரே நான் கேட்ட அதே கேள்விதான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அது பொறுக்கவில்லை.

"ஆமாங்க. போட்டா. அது தப்புன்னு அவகிட்டயே சொன்னேன், இப்பவும் சொல்வேன். ஆனா ஓட்டுப் போட்டுட்டு அவ வீட்டுக்குப் போயிடல. பதவி இருந்த வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. அதுல வந்தது பாதி. மீதிய நீங்க கேக்கணும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு தாளை நகர்த்தி வைத்தார். "கேள்விய எழுதிக் குடுங்க. போடுறேன். பதில் எப்படி வரும்னு என்னால சொல்ல முடியாது." எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் எந்த விதியையும் எழுதவில்லை. துவாக்குடியில் பிரஸ் ஓட்டும் ஒருவர் என்று தொடங்கினேன். எழுதிய பிறகுதான் கவனித்தேன், அது என் வழக்கமே இல்லை.

இப்போது வீட்டில் இருக்கிறேன். மனசு இன்னும் அடங்கவில்லை. அவர் கேட்பாரா, கேட்டாலும் மறுபடி பரிசீலனை என்பார்களா, அதற்குள் அந்தப் பட்டறையில் என்ன ஆகும், தெரியவில்லை. வருகிற வாரம் மறுபடி போய் நிற்பேன். நீ செய்தது சரி என்று என்னிடமிருந்து எதிர்பார்க்காதே. அந்த ஓட்டுக்காக உன்னோடு போட்ட சண்டையை நான் விடப்போவதில்லை. உன் கேள்வியையும் விடப்போவதில்லை. இரண்டும் சேர்ந்துதான் என்னை உட்காரவிடாமல் நடக்க வைக்கின்றன.