வீட்டை விடுவதாக இல்லை

டிசம்பர் 3, திங்கள்

இரவு முழுக்க வாடைக்காற்று. மழை. மூட்டுவாத விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். முழங்கால் பரவாயில்லை.

பாடசாலையில் ஆண்டிறுதிச் சோதனை. ஒன்பதாம் வகுப்புக்குப் பூமிசாத்திரம். வெண்கட்டியைத் துணி சுற்றி முழுக் கையாலும் பிடித்துக் கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதினேன். மீதியை வாயால் சொன்னேன். பின்வாங்கில் ஒருத்தி: “டீச்சர், எழுதிறதை விடச் சொல்லுறது நல்லாயிருக்கு.” நல்ல பிள்ளை. சோம்பேறி.

பின்னேரம் படலையடியில் ஒரு ஆள். கையில் அளவுக்கோல், காதில் பென்சில்.

“வெள்ளையடிக்கச் சுவர் பாக்க வந்தனான், அம்மா.”

“ஆர் அனுப்பினது?”

“வீட்டுச் சொந்தக்காரர், சிவசம்பு ஐயா. தை பிறக்கப் புது ஆக்கள் குடிவருகினமாம். நீங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போறீங்களாம்.”

“நானோ?”

“அப்பிடித்தான் கதை.”

உள்ளே விட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியவில்லை. அறை அறையாகப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா வைச்சிருக்கிறீங்கள், ஒரு பூச்சுப் போதும்” என்றார். அவர் போன பிறகு கதிரையில் இருந்தவள் விளக்கு வைக்கும்வரை எழும்பவில்லை.

டிசம்பர் 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பேக்கரியில் பாண் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஜெமீலா ராத்தா தன் வீட்டுக்குக் கியூவில் நிற்கும்போது எனக்கும் சேர்த்து வாங்கிவிடுவா. அதற்குப் பதில் அவவின் மூத்த மகளுக்கு நான் ஆங்கிலம். யாருக்கும் யாரும் கடமைப்பட்டதில்லை. அப்படித்தான் எனக்குப் பிடிக்கும்.

மதிலடியில் கேட்டேன், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று. ராத்தா முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது.

“ஒங்கட தம்பி தீபாவளிக்கு வந்துட்டுப் போகக்குள்ள எங்கட ஊட்டுக்காரரிட்டச் செல்லிட்டுத்தானே போனார். அக்காவ மார்கழிக்குள்ள கூட்டிப் போறன், வீட்டுச் சொந்தக்காரருக்கும் அறிவிச்சாச்சு எண்டு. நீங்க தெரிஞ்சுதான் இரிக்கீங்க எண்டு நினைச்சன் டீச்சர்.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

“நானும் கேக்கல்ல. கேட்டா அழுவீங்களோ எண்டு.”

ஆக, தம்பி தேவன். தெருவுக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

வாடகைச் சிட்டையில் இருப்பது என் பெயர். கொடுப்பது என் சம்பளம். ஆனால் ஆண்பிள்ளை ஒருவன் போய் “அக்கா வீட்டை விடுறா” என்றால் முடிந்தது. அவன் என்னை விடப் பத்து வயது இளையவன். அவனுக்கு அரிச்சுவடி எழுதக் காட்டியதே இந்தக் கைதான். அப்போது நேராக இருந்தது.

கோபம் இருக்க வேண்டும். களைப்புத்தான் இருக்கிறது.

டிசம்பர் 6, வியாழன்

தாள் திருத்தல். சிவப்புப் பேனையில் சைக்கிள் கைபிடி றப்பர். பிடிக்கச் சுகம்.

தேவன் ஏன் இப்படிச் செய்தான் என்பது தெரியாததல்ல. தீபாவளியன்று விடிய அவன் எழும்பி வந்தபோது நான் குசினியில் நின்றேன். சட்டைக் கொளுக்கி பாதி மாட்டியபடி, தேநீர்க் கோப்பையை இரண்டு மணிக்கட்டாலும் தூக்கிக்கொண்டு. பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். போகுமட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலை என்னுடையதல்ல. பத்து மணிக்குப் பிறகு நான் ஆள். அவன் பார்த்தது காலையை.

அவன் வீட்டில் சித்திரை விடுமுறையில் இருந்தேன். அவன் மனைவி, என் மச்சாள், தங்கமானவ, பொய்யில்லை. தலை வாரிவிட்டா, சோறு குழைத்துத் தந்தா, ஒரு கோப்பை கழுவ விடவில்லை. “மச்சாள், நீங்கள் இருங்கோ.” இருந்தேன். திரும்பி வந்து என் வீட்டுக் கதவைத் திறக்க எனக்கு ஏலவில்லை. இருந்து இருந்து கை மறந்துவிட்டது. பழையபடி வர ஆனி ஆகிவிட்டது.

இந்த வீட்டில்:
– தண்ணீர்க் குழாய் குசினிக்குள். கிணற்றில் அள்ளத் தேவையில்லை. குழாய்த் தலையில் மரத்தண்டு கட்டியிருக்கிறது, முழங்கையால் தள்ளலாம்.
– அடுப்பு மேடை இடுப்பளவு. குனிவதில்லை.
– சுடுதண்ணீர்ப் போத்தல் இரவே நிரப்பி வைப்பது. விடிய முதல் வேலை அந்தத் தண்ணீரில் கையை நனைப்பது.
– படி இல்லை.
– அலுமாரிக் கைபிடிகளில் துணி வளையம்.
– தேங்காய் துருவுவது சனி பின்னேரம் மட்டும். மற்ற நாளில் சொதி இல்லை. யாருக்கு நட்டம்?

இதெல்லாம் ஒரு நாளில் வந்ததல்ல. வேறு வீட்டில் முதலிலிருந்து தொடங்க எனக்கு இனித் தெம்பு இல்லை.

டிசம்பர் 8, சனி

வெயில், மெல்லியதாய். அன்புவழிபுரம் போனேன், வீட்டுக்காரரைப் பார்க்க. மத்தியானத்துக்குப் பிறகு, கை ஓரளவு வந்தபின். பஸ்ஸில் கம்பியை முழங்கை மடிப்பால் கொளுவிக்கொண்டு நின்றேன். கண்டக்டர்: “அம்மா, வடிவாப் பிடியுங்கோ.” “இதுதான் தம்பி, வடிவு” என்றேன்.

சிவசம்பர் துறைமுகத்து வேலையிலிருந்து ஓய்வு. நல்ல மனுஷன், கூரை ஒழுகினால் தானே ஏறிப் பார்ப்பார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

“தம்பியார் எழுதினவர். ஆம்பிளை எழுதினால் குடும்பமாக் கதைச்சு முடிச்சதெண்டுதானே பிள்ளை நினைப்பம்.”

“குடும்பத்தில என்னோட ஒருத்தரும் கதைக்கேல்லை ஐயா. நான் விடேல்லை.”

அவர் சால்வையை மடித்தார், விரித்தார். பிறகு வந்தது உண்மை.

“உங்களுக்குச் சுகமில்லை. தனிய இருக்கிறீங்கள். நாளைக்கு ஒண்டு நடந்து, அதுவும் அந்தக் கூடாத பஞ்சமியில நடந்துதெண்டால், ஆறு மாசம் வீட்டைப் பூட்டவேணும். பிறகு ஆர் வருவினம் அந்த வீட்டுக்கு?”

சிரிப்பு வந்துவிட்டது. “இந்த மூட்டு வருத்தத்தில சாகேலாது ஐயா. இருந்து உத்தரிக்கத்தான் ஏலும். அப்பிடிப் போறதெண்டாலும் பஞ்சாங்கம் என்னட்டையும் இருக்கு. பாத்துப் போறன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, அவருக்கு: “உங்கட கொப்பர் ஆர் கேட்டுப் பஞ்சமியில போனவர்? அந்த அறையைப் பூட்டிப்போட்டு மற்றப் பக்கத்தில நாங்கள் இருந்து சாப்பிடேல்லையோ?”

“நீ சும்மா இரு.”

“பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கு. தேத்தண்ணியாவது குடிக்கட்டும்.”

கடைசியில் அவர் சொன்னது: “தம்பியார் வந்து இல்லையெண்டு ஒரு சொல் சொல்லட்டும். அது போதும்.” மாசக் கடைசிவரை தவணை. புது ஆட்களுக்கு அதுவரை மறுமொழி சொல்லமாட்டாராம்.

என் சொல் ஒரு சொல்லாக எண்ணப்படவில்லை. தேநீர் நன்றாக இருந்தது. வரும் வழியில் தபாற்கந்தோர். தேவனுக்குத் தந்தி: வீடு விடவில்லை. உடனே வா. நேரில் கதை.

டிசம்பர் 14, வெள்ளி

பாடசாலை விட்டாயிற்று. இருட்டியபின் தேவன் வந்தான். கையில் பனங்கட்டி, முருங்கைக்காய், ஒரு பெரிய வெறும் பெட்டி. பெட்டி என் சாமான் கட்ட.

“அக்கா, ஒருத்தரும் உங்களைத் துரத்தேல்லை.”

“தெரியும்.”

“விடிய நீங்கள் படுற பாட்டைப் பாத்தனான். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.”

“பாத்தது பாதி. பாதியில போய்ப் படுத்திட்டாய்.”

நான் சொன்னேன்: நாளை விடிய நீ குசினிக் கதிரையில் இரு. முழுக்கப் பார். நான் கூப்பிடாமல் எழும்பக் கூடாது. பார்த்து முடிய உனக்குச் சொல்ல இருப்பதைச் சொல்லு. கேட்கிறேன்.

ஓம் என்றான். பெட்டி விறாந்தையில்.

டிசம்பர் 15, சனி

இதற்கென்றே மழை. மோசமான கை. ஒரு நல்ல காலை தந்திருக்கலாம் கடவுள்.

அவன் இருந்தான். நான் கை நனைத்தேன். நனைத்து, தேய்த்து, திரும்ப நனைத்து. விரல் மடியத் தொடங்கியதும் குழாயைத் தள்ளினேன். கேத்திலை இரண்டு கையாலும் தூக்கும்போது கதிரை கீச்சிட்டது.

“இரு.”

“அக்கா, சுடப்போகுது.”

“இரு எண்டனான்.”

நெருப்புக்குச்சி மூன்று முறிந்தது. நாலாவது பற்றியது. அவன் தரையைப் பார்த்தான். பார் என்றேன், பார்த்தான். பாண் வெட்டுவது உடம்பின் பாரத்தால், விரலால் அல்ல. வெட்டினேன். கொளுக்கி மாட்டினேன். தலை வாரினேன். சீப்பில் நான் கட்டியிருந்த நீளத் தடியைப் பார்த்து, “இது ஆர் செய்தது?” என்றான். நான்தான்.

ஒருமுறை கரண்டி விழுந்தது. எடுக்கக் குனியும்போது நோவில் வாயைவிட்டு ஏதோ சத்தம் வந்துவிட்டது. அவனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் எழும்பவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சின்னதில் நான் காய்ச்சலாய்க் கிடந்தால் அவன் கட்டிலடியை விட்டு அசையமாட்டான்.

அவனுக்கு முன்னால் கோப்பையை வைத்தேன். அரைவாசி அடித்தட்டில் ஊற்றுண்டு போயிருந்தது. குடித்தான்.

“சீனி காணாது” என்றான்.

“கூப்பனில வந்தது அவ்வளவுதான்.”

மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். எங்கே என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் கடந்துதான் வந்தான்.

“சிவசம்பரிட்டைச் சொல்லிப்போட்டன்.”

“என்னெண்டு?”

“நான் எழுதினது பிழையெண்டு. அக்கா இருப்பா எண்டு.” பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு: “உங்கட மச்சாளுக்கு என்ன சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை. உங்களுக்கெண்டு அறை கழுவி வைச்சிருக்கிறா.”

சோறு போட்டேன். மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. தின்றான்.

டிசம்பர் 16, ஞாயிறு

தேவன் காலை பஸ்ஸில் போனான். பெட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். விறகு போடலாம். போகும்போது என் கையைப் பிடிக்க வந்து, நோகுமோ என்று நினைத்து, மணிக்கட்டைத் தொட்டுவிட்டுப் போனான்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நாள். மத்தியானம் முழுக்க நித்திரை.

டிசம்பர் 17, திங்கள்

வாடை. கை கல்லு.

தேயிலைத் தகரம் திறபடவில்லை. நேற்று எனக்கு முன் எழும்பித் தேநீர் போட்டுத் தந்தவன், மூடியை நல்ல பிள்ளையாக இறுக்கிப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் அதை இறுக்காமல் சும்மா வைப்பதுதான் வழக்கம். முழங்காலுக்கிடையில் வைத்துப் பார்த்தேன். துணி சுற்றிப் பார்த்தேன். மேடையில் அடித்துப் பார்த்தேன். பிறகு நிலத்தில் இருந்து அழுதேன். ஒரு தகரத்துக்கு. பெட்டியில் சாமான் கட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். இப்போது அந்த அறையில் யாரோ எனக்குத் தேநீர் கொண்டுவந்திருப்பார்கள்.

மதிலுக்கு அப்பால் ராத்தா: “டீச்சர், என்ன சத்தம்?”

“ஒண்டுமில்லை.”

பிறகு நானே:

“ராத்தா, ஒருக்கா வந்து இதைத் திறந்து தாங்கோ.”

வந்தா. திறந்தா. “இவ்வளவுதானா” என்றா. பாண் கியூவுக்கு நேரமாகுது என்று ஓடிவிட்டா.

தேநீர் போட்டேன். மூடியைச் சும்மா வைத்தேன்.