நீங்க முதல்ல போங்க

எல்ம் ஃபோர்க், மினசோட்டா
மே 6, 2013

அன்புள்ள கோரின்,

உட்கார்ந்திருக்கிறாயா? நின்றுகொண்டு படித்தால் தயவுசெய்து உட்கார். சந்தோஷத்தில் துள்ளி இன்னொரு காலையும் உடைத்துக்கொண்டு என் மேல் பழி போடாதே.

லேக் சாலை மாறப்போகிறது! ஆமாம், நம் லேக் சாலையேதான்!

இதைப் போனில் சொல்லலாமே என்பாய். நான் போனில் பேச ஆரம்பித்தால் நீ ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாய். தண்ணீர் சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். இந்தக் கோடையில் சாலைக்குப் புதுத் தார் போடுகிறார்கள். தார் போட்டால் கோடுகளையும் புதிதாகத்தானே வரைய வேண்டும்? "அப்போ ஏன் அதே பழைய கோட்டையே வரையணும்?" என்று கேட்டேன். நகராட்சியின் போக்குவரத்துத் திட்டப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே இத்தனை வருடம் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்து நான் கேட்ட உருப்படியான கேள்வி இது ஒன்றுதான்.

போக இரண்டு வரிசை, வர இரண்டு வரிசை என்று இப்போது இருக்கிறது இல்லையா? இனி போக ஒன்று, வர ஒன்று, நடுவில் இடப்பக்கம் திரும்புகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. நூலகத்துக்கு எதிரே, நீ அடிபட்ட அந்த இடத்தில், நடுவே ஒரு திட்டு. ஒரு பக்கம் பார்த்துப் பாதி கடக்கலாம், திட்டில் நின்று மூச்சு வாங்கலாம், மறுபக்கம் பார்த்து மீதியைக் கடக்கலாம். கைத்தடியோடுகூடக் கடக்கலாம், கோரின்!

இப்போதைக்குச் சோதனைதான். வெறும் பெயிண்ட்டும் பிளாஸ்டிக் கம்பங்களும். இதையே நிரந்தரமாக்கலாமா என்று அக்டோபரில் நகர மன்றம் ஓட்டெடுக்கும். ஐந்து பேரில் இருவர் என் பக்கம், இருவர் எதிர்ப்பு. ஐந்தாவது ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? என் அருமை அண்ணன் வெண்டல்தான். "பெயிண்ட்தானே, அழிச்சுக்கலாம்" என்று சோதனைக்குத் தலையாட்டினான். அக்டோபரில் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று அதே மூச்சில் சொல்லிவிட்டான். காரணம் கேட்டால் கடையில் ஆணியை எடை போடப் போய்விடுகிறான்.

வீட்டை விற்கிறேன் என்று ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நானே டூசானுக்கு வந்து பேனாவைப் பிடுங்குவேன்.

ஆனந்தக் கூத்தாடும்,
மார்லிஸ்

*

டூசான், அரிசோனா
மே 19, 2013

அன்புள்ள மார்லிஸ்,

நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. அதில் மூன்றேமுக்கால் பக்கம் பெயிண்ட். கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். நீ கேட்காததால் நானே சொல்கிறேன். நன்றாக இருக்கிறது. ஊன்றுகோல் போய்க் கைத்தடி வந்துவிட்டது. இங்கே ஏப்ரலிலேயே வெயில் மண்டையைப் பிளந்துவிட்டது. மருமகள் எல்லாவற்றிலும் மிளகாய் போடுகிறாள். நல்லவள்தான், ஆனால் மிளகாய் போடுகிறாள்.

மகன் என் எல்ம் ஃபோர்க் வீட்டை வாங்க ஆள் பார்த்துவிட்டான். "அம்மா, அந்த ரோட்டைத் தாண்டித்தான் உனக்கு எல்லாமே. லைப்ரரி, பேக்கரி, சர்ச். அங்க போய் எப்படிம்மா தனியா இருப்ப?" என்கிறான். அவன் கேட்பதில் தப்பில்லை. நீ சொன்ன திட்டு நிரந்தரமானால் வீட்டை வைத்துக்கொள்கிறேன். அழித்துவிட்டால் விற்றுவிடுகிறேன். அக்டோபர் வரை பொறு என்று அவனிடமும் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணனைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று நினைத்தேன். அது முடியாது போலிருக்கிறது.

அன்று அவர் செய்ததெல்லாம் இவ்வளவுதான். நூலகத்தைப் பூட்டிவிட்டு அவர் கடைக்குப் போக ஓரத்தில் நின்றேன். அவருடைய பிக்கப் வண்டி வந்தது. ஓர வரிசையில் நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்போடு, போ என்று கை காட்டினார். நம் ஊரில் யார்தான் கை காட்டவில்லை? நானும் சிரித்துக்கொண்டே நடந்தேன். அதே திசையில் அடுத்த வரிசையில் வந்த காருக்கு, பிக்கப் மறைத்ததில் என்னைத் தெரியவில்லை, எனக்கும் அந்தக் காரைத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் தினமும் வந்து உட்கார்ந்தார். பூ வாங்கி வந்தார். வாயைத் திறக்கவில்லை. "வெண்டல், உங்க மேல தப்பு இல்ல" என்று நான் சொல்லும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்குக் கல்யாணம் என்று இருந்தவர், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பவில்லை. மோதிரம் என் கைப்பையில் கிடக்கிறது. போட்டுக்கொள்ளவும் மனசில்லை, திருப்பி அனுப்பவும் மனசில்லை.

அவரிடம் எதுவும் சொல்லாதே.

உன்,
கோரின்

*

எல்ம் ஃபோர்க்
ஜூலை 8, 2013

என் தங்கமே,

கால் எப்படி இருக்கிறது? பார், முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன். இனி பெயிண்ட்டுக்குப் போகலாமா?

கோடு போட்டாகிவிட்டது! கரேல் என்று புதுத் தார், அதன் மேல் பளீரென்று மஞ்சள். போட்ட முதல் வாரம் நம் ஜனங்கள் அடித்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நடு வரிசையில் இந்தப் பக்கமிருந்து திரும்ப ஒரு கார், அந்தப் பக்கமிருந்து திரும்ப ஒரு கார். இரண்டும் மூக்கோடு மூக்கு நிற்கின்றன. "நீங்க முதல்ல போங்க" என்று இவர் கை காட்டுகிறார். "அட, நீங்க போங்க" என்று அவர் காட்டுகிறார். "இல்ல இல்ல, நீங்க." நான் ஓரத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்கிறேன். பின்னால் நிற்கிற ஒருத்தராவது ஹாரன் அடிக்க வேண்டுமே! அவர்களும் பொறுமையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

போன செவ்வாய் சர்ச் நிலவறையில் கூட்டம். எல்லோரும் வந்துவிட்டார்கள், ஆளுக்கொரு தட்டில் எலுமிச்சைக் கேக் வேறு. நானும் உற்சாகத்தில் மேடை ஏறி, மனதில் இருந்ததை அப்படியே போட்டு உடைத்தேன். "இந்த ரோட்டுல நடந்த மோதல் முக்காவாசி, யாரோ கை காட்டி வழி விட்டதுக்கு அப்புறம்தான் நடந்திருக்கு. நம்ம மரியாதைதான் நம்ம ஆளுங்கள அடிக்குது. தயவுசெஞ்சு இனிமே யாரும் யாருக்கும் கை காட்டாதீங்க" என்றேன்.

கோரின், எல்லோரும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு பேக்கரி ஜெரால்டின் எழுந்தாள். "அப்போ இனிமே நாங்க சிகாகோக்காரங்க மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகணுமா? எங்கம்மா என்னை அப்படி வளக்கல மார்லிஸ், உங்கம்மாவும் உன்னை அப்படி வளக்கல!" அவ்வளவுதான், கூட்டமே கொதித்தது. கொதித்தது என்றால் நம் ஊர்க் கொதிப்பு. ஒருவர்கூடக் கத்தவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்து வருத்தப்பட்டார்கள்.

அப்புறம் அண்ணன் எழுந்தான். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு, "கை காட்டினது நான். அவ நடந்தது என்னை நம்பி. அந்தப் பழியைத் தூக்கி ரோட்டு மேல போடாத. எனக்காக யாரும் ரோட்டை மாத்த வேண்டாம்" என்றான். வெளியே போய்விட்டான். அவன் எதற்கு எதிர்ப்பு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் தண்டனையை யாரும் குறைத்துவிடக் கூடாது அவனுக்கு!

நீ சொல்லாதே என்றாய், நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள். உனக்கு அடிபட்ட நாளிலிருந்து அவன் லேக் சாலையில் வண்டி ஓட்டியதே இல்லை. தானியக் கிடங்கைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் பின்வாசல் வழியாகப் போகிறான்.

கொஞ்சம் சோர்ந்து, ஆனாலும் விடாத,
மார்லிஸ்

*

டூசான்
ஜூலை 21, 2013

மார்லிஸ்,

நீ ஒரு மடச்சி, உன் அண்ணன் ஒரு மடையர். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

முதலில் உனக்கு. நம் ஊர்க்காரர்களிடம் போய்க் கை காட்டாதே என்று சொல்லலாமா? மூச்சு விடாதே என்று சொல்வது மாதிரி அல்லவா அது? நான் அடிபட்டவள். எனக்கே ஜெரால்டின் சொன்னதுதான் சரி என்று படுகிறது. ஒருவர் எனக்காக வண்டியை நிறுத்திச் சிரிப்பது எனக்குப் பிடிக்கும். இங்கே யாரும் நிறுத்துவதில்லை, சிரிப்பதும் இல்லை. வழி விட்டால் ஆள் சாகிற மாதிரி ரோடு எதற்கு? அதைச் சரி செய்யத்தானே உனக்குச் சம்பளம்?

இனி அவருக்கு. அவர் என்னைத் தள்ளிவிடவில்லை, எனக்கு வழி விட்டார். தண்டனை வேண்டும் என்றால் அவர் மட்டும் அனுபவிக்கட்டும். இது என்னையும் சேர்த்து அல்லவா தண்டிக்கிறது? ஒன்பது மாதமாக மிளகாய் தின்றுகொண்டிருப்பது நான்!

கோபமாகத்தான் எழுதுகிறேன். அவர் கைமேல் எனக்குக் கோபமில்லை. வாயைத் திறக்காததில்தான் கோபம்.

கோரின்

*

எல்ம் ஃபோர்க்
செப்டம்பர் 23, 2013

கோரின் கோரின் கோரின்,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் கண்டுகொள்ளாதே. இன்று நடந்ததை இன்றே எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நீ திட்டி எழுதிய கடிதத்தைப் படித்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் என் கோட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தேன். என் கண்ணே, நான் வரைந்ததே எனக்குப் புரியாமல் இருந்திருக்கிறது! ஊர் முழுக்கப் போய் மன்னிப்புக் கேட்டேன். "தாராளமா கை காட்டுங்க" என்றேன். ஜெரால்டின் எனக்கு ஒரு முழு ஆப்பிள் கேக் சுட்டுக் கொடுத்தாள்.

அண்ணன் மட்டும் பாக்கி. இன்று என் கார் பழுது என்று ஒரு பொய் சொன்னேன். உண்மையில் அது நகராட்சி வாசலில் ஜம்மென்று நிற்கிறது. தடுப்புக் கூம்புகளை ஏற்றிப் போக வேண்டும் என்று அவன் பிக்கப்பில் ஏறிக்கொண்டேன். "கிடங்கு வழியா போலாம்" என்றான். "அங்க ரயில் நிக்குது, கேட் போட்டிருக்கான்" என்றேன். அது இரண்டாவது பொய்.

லேக் சாலைக்குள் திரும்பினான். நூலகம் வந்தது. ஓரத்தில் பாதிரியார் மனைவி, குழந்தைத் தள்ளுவண்டியோடு நின்றாள். அண்ணனின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கோரின், கை தானாக எழுந்தது! முகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது, பழைய சிரிப்பு. கை காட்டிவிட்டான்.

அவள் இறங்கி நடந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துல... மார்லிஸ், பக்கத்துல எவனும் வரலையே?" என்றான்.

"பக்கம்னு ஒண்ணு இல்லையே அண்ணா! இந்தத் திசைக்கு நீ நிக்கிற இந்த ஒரே வரிசைதான். உன்னைத் தாண்டி எவனும் வர முடியாது. இதைத்தானே கோடை பூரா கத்திக்கிட்டு இருக்கேன்!"

அவள் நடுத்திட்டுக்குப் போனாள். நின்று, நிதானமாகத் திரும்பி, எங்களுக்குக் கை ஆட்டினாள். மறுபக்கம் வந்த வண்டியும் நின்றது. கடந்து போய்விட்டாள். அவ்வளவுதான், ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காததைப் பார்த்து ஓர் ஆள் அப்படி அழுவான் என்று எனக்குத் தெரியாது. பின்னால் அரை டஜன் வண்டிகள் நின்றன. நம் ஊராயிற்றே, ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை.

ஓட்டு விஷயம் நான் கேட்கவில்லை. கேட்டால் ஆணி எடை போடப் போய்விடுவான் என்று பயம்.

உன் மார்லிஸ்

*

எல்ம் ஃபோர்க்
அக்டோபர் 15, 2013

கோரின்,

மூன்றுக்கு இரண்டு! ஜெயித்துவிட்டோம்! பெயிண்ட் போய் சிமெண்ட் வருகிறது! திட்டைச் சுற்றிலும் கல் கட்டப்போகிறார்கள்!

நேற்று அண்ணன் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை. "என் கை தப்பு பண்ணலன்னு நான் சொல்ல வரல. கையும் ரோடும் சேர்ந்துதான் பண்ணிச்சு. கைய மாத்திக்கலாம்னு பாத்தேன், ஒரு வருஷமா வண்டியையே அந்தப் பக்கம் விடல. அப்புறமும் யாராவது நின்னா அது தானாத் தூக்குது. அதனால ரோட்டையாவது மாத்திடுங்க."

உட்கார்ந்துவிட்டான். எதிர்த்து ஓட்டுப் போட்ட இரண்டு பேரும் வந்து கை குலுக்கினார்கள்.

வெளியே வந்ததும் என்னிடம், "அவளுக்கு நீ எழுதுவியா, நான் எழுதணுமா?" என்றான். "நீயே எழுது" என்றேன். மறுபடி தொப்பியைக் கசக்க ஆரம்பித்தான். ஒரு காகிதம் எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு வரி எழுதினான். இந்த உறைக்குள் இருக்கிறது, நான் பிரித்துப் பார்க்கவில்லை. சத்தியமாக!

மார்லிஸ்

*

டூசான்
அக்டோபர் 24, 2013

அன்புள்ள மார்லிஸ்,

வீட்டை விற்கவில்லை என்று மகனிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் உர்ரென்று இருந்தான், பிறகு அவனே டிக்கெட் எடுத்தான். மருமகள் ஒரு டப்பா மிளகாய் கட்டித் தருகிறாள். ஜெரால்டினிடம் கொடுத்துவிடுவோம், என்ன செய்கிறாள் பார்ப்போம்.

உன் அண்ணன் எழுதிய ஒரு வரியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தலை வெடிக்கும். சொல்ல மாட்டேன். மோதிரத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துவிட்டேன் என்பது மட்டும் உனக்குப் போதும்.

நவம்பர் இரண்டு, சனிக்கிழமை வருகிறேன். விமான நிலையத்துக்கு நீ மட்டும் வா. அவர் வர வேண்டாம். என்னை நூலக வாசலில் இறக்கிவிடு. எனக்குப் பக்கத்தில் நிற்காதே, கையைப் பிடிக்காதே, உற்சாகத்தில் நடுரோட்டில் நின்று வண்டிகளை மறிக்கவும் செய்யாதே. உன்னை எனக்குத் தெரியும்.

அவரை எதிர்ப்பக்கம் கடை வாசலில் நிற்கச் சொல். நான் இந்தப் பக்கம் நிற்பேன்.

கை காட்டச் சொல். அவர் காட்டாமல் நான் இறங்க மாட்டேன்.

உன் அண்ணியாகப் போகிற,
கோரின்