அந்தப் பீங்கானை எறிய வேண்டாம்

ரியாத், 1994

அன்பின் மச்சானுக்கு ஸலாம். நீங்களும் மாமியும் சுகம்தானே? எனக்கு இப்போது சுகம்.

உதிரப்போக்குக்குத் தந்த மாத்திரையால் போன மாதம் உள்ளங்கை அரித்து, கண் மஞ்சளானது. பயப்படாதீங்க, மாத்திரையை நிறுத்தியதும் மாறிவிட்டது. சூலகத்தில் ஊறும் ஹோமோன்தான் அந்த மாத்திரையிலும் இருக்கிறது என்று மலையாளி டொக்டரம்மா சொன்னா. கர்ப்பத்தில் ஹோமோன் கூடும்போது சில பெண்களின் ஈரல் தாங்காதாம். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தாம். யாருக்கும் தொற்றாதாம்.

எங்கட வீடு எரிந்து உங்கட உம்மா வீட்டில் இருந்தபோது, கர்ப்பிணியான எனக்கு இதே அரிப்பு, கண்ணும் மஞ்சள். "செங்கண்மாரி, எல்லாருக்கும் ஒட்டிடும்" என்று மாமி என்னைக் கோழிக்கூட்டுப் பக்கம் இருத்தி, விளிம்புடைந்த பீங்கானில் சோறு போட்டா. ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. நீங்களும் வாய் திறக்கவில்லை. நம்மட பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது.

இப்போது கர்ப்பிணியான உங்கட தங்கச்சி மர்ழியாவுக்கும் உள்ளங்கை அரிக்கிறது என்று எழுதியிருந்தீங்க. கிண்ணியாத் துறையில் முதல் படகிலேயே ஏற்றி, திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. அவளுடைய பிள்ளை சுகமாகப் பிறக்கட்டும்.

கசெட்டில் உங்கட குரலைப் பதிந்து அனுப்புங்க. இங்கே தமிழ் கேட்டு நாளாகிறது. இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுவரும் ஆள் வாசலில் நிற்கிறார்.

மர்ழியாவின் பிள்ளை மாமியின் மடியில் இருக்கும்போது இதை வாசித்துக் காட்டுங்க. அந்தப் பீங்கானையும் கழுவி வையுங்க. நான் வந்ததும் மாமிக்கு அதில்தான் சோறு.

ஹாஜரா