பதில் சொல்லாத படகு

செவ்வாய், இரவு

கூட வேலை செய்யும் வேலுவின் இரண்டு பற்களை இன்று உடைத்துவிட்டேன்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டை ஷெட்டில் நாங்கள் கட்டிய கடற்படை லாரிக்கு இன்று சோதனை. துறைமுகத்துக்குள் வரும் ஒவ்வொரு கப்பலையும் படகையும் அந்த லாரிக்குள் உட்கார்ந்தே திரையில் பார்த்துக் கட்டளையிடலாம். சோதனைக்கு ஒரு படகின் எண் வேண்டும் என்றார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அப்பாவின் நாட்டுப்படகு எண்தான். அதையே போன வாரம் லாரியின் கணினியில் ஏற்றிவைத்தேன்.

மூன்று முறை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டும் பதில் சொல்லாவிட்டால் அது எதிரிப் படகு. அதுதான் ஒத்திகை. அதிகாரி சுடும் பொத்தானை அழுத்தினார். திரையில் அப்பாவின் எண் சிவந்து அணைந்தது.

"ஒரே அடி, படகு காலிபா!" என்று வேலு கைதட்டினான்.

வாயிலேயே குத்தினேன். விழுந்த பிறகும் மிதித்தேன். நாலு பேர் இழுத்த பிறகுதான் நிறுத்தினேன்.

"இன்னாத்துக்குடா அடிச்ச? நான் இன்னா பண்ணேன்?" என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கேட்டான்.

எட்டு மணிக்கு அப்பா தூத்துக்குடியிலிருந்து பேசினார். கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வயர்லெஸ் செட்டு செத்துப்போச்சுல. அது கெடக்கட்டும், கடல்ல நம்மள யாரு கூப்பிடப்போறா?"