வைபரில் சொன்ன சாமத்தியவீடு

மருதனார்மடம்

அன்புள்ள மகள் தனுசியாவுக்கு அப்பா எழுதுவது. ஆஞ்சநேயர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. நீயும் மருமகனும் பேத்தியும் அந்தக் குளிரிலும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கதைத்தால் நீ இடையில் வேறெதையோ தட்டிக்கொண்டு ஓம் அப்பா ஓம் அப்பா என்பாய், அதனால் நாளைக்குக் கனடா திரும்பும் கனிசியஸ் மாஸ்டரின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பேத்தி பெரியபிள்ளையானதற்கு ஆவணியில் சாமத்தியவீட்டை இங்கே வந்து செய்யப்போவதாக வைபர் குறூப்பில் எல்லோருக்கும் சொன்னாயாம், ஒருவரும் வாழ்த்தவில்லையாம், சொந்தக்காரருக்கு எரிச்சல் என்று அம்மாவிடம் அழுதாயாம். பிள்ளை, எரிச்சல்படுவதற்கும் விஷயம் தெரிய வேண்டுமே. அந்தக் குறூப்பை இங்கே யார் பார்க்கிறார்கள்? செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கிறாய். நீ கனடா போன காலத்தில் எல்லோரும் பேஸ்புக்கில் கிடந்தார்கள், கந்தப்பு அண்ணைகூடப் பிள்ளையார் படத்தைத் தன் முகமென்று போட்டுவிட்டுத் தனக்குத் தானே லைக் போட்டார். பிறகு வைபர். காணிச் சண்டையை அதில் எழுதிக் கிழித்துவிட்டு ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். பிறகு வாட்ஸ்அப், விடிந்தால் ரோசாப்பூவும் காலை வணக்கமும், பக்கத்து வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தவனை எட்டிப் பார்க்க மட்டும் ஒருவரும் இல்லை. இப்போது எல்லோரும் டிக்டொக்கில். உன் மாமி உதயகலா வெங்காயம் நடும் பெண்களை நிறுத்தி வைத்து வரம்பில் ஆடுகிறாள், இந்த வயதில். மந்தை போல ஒரு பட்டியிலிருந்து மற்றப் பட்டிக்கு ஓடுகிற கூட்டம், நாளைக்கு இதையும் விட்டுவிட்டு ஓடும். நீ ஒருத்திதான் பழைய பட்டியில் நின்று கத்திக்கொண்டிருக்கிறாய்.

ஊர் கிடக்கட்டும். உன் தம்பி ஜெயரூபனுக்கும் நீ அதில்தானே சொன்னாய். அவன் வைபரை அழித்து வருஷக்கணக்காகிறது. சாமத்தியவீட்டுக்கென்று சேலை கட்டிப் பார்த்ததைப் பேத்தி டிக்டொக்கில் போட, சுன்னாகம் சந்தையில் தக்காளி விற்கிறவன் அதை இவனிடம் காட்டி, மாமன்காரன் என்ன சீர் கொண்டு போகிறாய் என்று கேட்டிருக்கிறான். இவன் சைக்கிளை மிதித்து நேரே இங்கே வந்தான், தேத்தண்ணியும் குடிக்கவில்லை. "மாமன் நான் பிள்ளையின்ரை தலையிலை பாலும் அறுகம்புல்லும் வைக்க வேண்டிய சடங்கு. அதைச் சந்தையிலை ஊரானின்ரை போனிலை பாத்தோ நான் அறிய வேணும்? நான் வரமாட்டன் அப்பா" என்றான். நம் வீடுகளில் குங்குமமும் சந்தனமும் கொண்டு வாசல் படலையடிக்கு வந்து சொல்லாவிட்டால் அடுத்த வளவுக்காரனே வரமாட்டான், கூடப் பிறந்தவனுக்கு வைபரில் ஒரு வரியைத் தட்டிவிட்டால் போதுமென்று உனக்கு யார் சொன்னது? உனக்குத்தான் புத்தியில்லை என்றால் அவனுக்கும் இல்லை, உன்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

மண்டபம் பிடிக்கலாம், மேளம் பிடிக்கலாம், வானத்தில் பறக்கும் கமரா பிடிக்கலாம். மாமனைப் பிடிக்க முடியாது. அவன் வராவிட்டால் பிள்ளையின் தலையில் யார் பால் அறுகு வைப்பது, வீடியோக்காரனா?

குங்குமம் கொண்டு மற்ற வீடுகளுக்கு நானும் அம்மாவும் போகிறோம், முழங்கால் நொந்தாலும் பரவாயில்லை. தம்பி வீட்டுக்கு மட்டும் போகமாட்டோம். அது நீ சொல்ல வேண்டியது. வைபரும் வேண்டாம், படமும் வேண்டாம், சாதாரணமாக போன் எடு. நீ பிளேன் ஏறிய கிழமை, அக்கா எடுத்தால் கிடைக்க வேண்டும் என்று அவன் வாங்கிய நம்பர் அது. எத்தனையோ போன் மாற்றிவிட்டான், அந்த நம்பரை மட்டும் இன்னும் மாற்றவில்லை.

பேத்திக்கு எங்கள் ஆசிகள். மருமகனை விசாரித்ததாகச் சொல். மாஸ்டரிடம் மிளகாய்த்தூளும் கொடுத்துவிட்டிருக்கிறேன், படம் எடுப்பதற்கு முன் கறியில் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
கேதீஸ்வரன்